பேரிடர்த் திட்டத்தில் கடைக்காரருக்கும் இடம் வேண்டும்

2021 டிசம்பர் 18. விடாத மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. பலர் மாடியிலும் கூரையிலும் உணவின்றி மீட்புப் படகுக்குக் காத்திருந்தனர். பசி தாங்காமல் சிலர் கடைக்குள் புகுந்து பொருள்களை எடுத்ததாகவும் செய்திகள் வந்தன. உணவு அருகிலேயே இருந்தது. அதை முறையாக வழங்கும் ஏற்பாடுதான் இல்லை.

அந்தப் பருவ வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு ஏறக்குறைய 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவர இலாகா மதிப்பிட்டது. அதில் வணிகத் தலங்களின் இழப்பு சுமார் 50 கோடி. ஆக, கடைக்காரர் உதவக்கூடியவர், பாதிக்கப்படுபவரும் அவரே.

ஸ்ரீ கெம்பாங்கானை எடுத்துக்கொள்வோம். சுபாங் ஜெயா மாநகர் மன்றம், குடியிருப்பாளர் சங்கங்கள், வணிகர்கள் ஆகிய மூன்று தரப்பும் மழைக்காலத்திற்கு முன்பே கூடிப் பேசலாம். யாரிடம் ஜெனரேட்டர் உண்டு? யாருடைய லாரி வெள்ளத்தில் போகும்? எந்த உணவகம் சமைத்துத் தரும்? அதற்கான பணத்தை யார், எப்போது கொடுப்பது? பதில்கள் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு அவசர வேளையில் உதவாது.

அமெரிக்காவில் 'வாஃபிள் ஹவுஸ்' உணவகங்கள் திறந்திருக்கின்றனவா என்பதை வைத்தே புயல் சேதத்தைக் கணிக்கும் வழக்கம் உண்டு. கடை திறந்தால் ஊர் எழுகிறது என்று பொருள்.

கடையை மீண்டும் திறக்கக் காப்புறுதி வேண்டும். சாதாரணத் தீக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்காது. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். கணக்குப் பத்திரங்களின் நகலை வேறிடத்தில் வைப்பதும் அவசியம்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள் பெரியோர். அந்த அணைக்குக் கடைத்தெருவும் கல் சுமக்கட்டும்.