கோபத்தில் முறிந்த கோல்ப் மட்டை

கோல்ப் ஆட்டக்காரர் தம் பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். தொலைவுக்கு அடிக்க ஒன்று, மணலிலிருந்து பந்தைத் தூக்க ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு 'கிரீன்' என்று பெயர். அங்கே பந்தை மெல்ல உருட்டிவிடும் மட்டைதான் 'பட்டர்'. (வெண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை!) ஆனால் கிரீனில் பட்டரைத்தான் உபயோகிக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. இஷ்டப்பட்ட மட்டையை எடுக்கலாம்.

கஷ்டப்பட்டு எடுக்க நேர்ந்தவர் ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

1987 செப்டம்பர் 27. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் மியூர்பீல்டு வில்லேஜ் மைதானம். ரைடர் கோப்பைக்காக அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதிய கடைசி நாள். அமெரிக்கரான பென் கிரென்ஷாவை எதிர்த்து அயர்லாந்தின் ஈமன் டார்சி ஆடினார். கிரென்ஷா பட்டர் பிடிப்பதில் மன்னன். 'சாந்தமான பென்' என்று செல்லப் பெயர் வேறு! டார்சியோ அதுவரை ரைடர் கோப்பையில் ஓர் ஆட்டத்திலும் வென்றவரல்லர்.

ஆறாவது கிரீனில் கிரென்ஷாவுக்கு மூன்று தட்டு தேவைப்பட்டது. சாந்தம் பறந்தது. கோபத்தில் மட்டையை வீசித் தட்டினார், பட்டர் முறிந்தது. ஆட்டத்தின் போக்கில் உடைந்தால் வேறு மட்டை வாங்கிக்கொள்ளலாம். கோபத்தில் உடைத்தால் கிடையாது. இதுதான் விதி.

மீதி ஆட்டம் முழுதும் ஒன்றாம் எண் இரும்பு மட்டையாலும், மணலுக்கான 'சாண்ட் வெட்ஜ்' மட்டையாலும் பந்தை உருட்டினார் மனிதர். வெட்ஜின் முகம் மிகவும் சாய்ந்தது. முகத்தால் தட்டினால் பந்து எழும்பிக் குதிக்கும். அதனால் அதன் கீழ் விளிம்பைப் பந்தின் நடு வயிற்றில் படும்படி தட்ட வேண்டும். மயிரிழை தவறினாலும் போயிற்று! இப்படி ஆடியே 16-வது குழி முடிவில் ஒரு குழி முன்னிலைக்கும் வந்துவிட்டார் என்றால் அவர் கையின் நயத்தை என்னவென்பது? ஆனால் கடைசி இரண்டு குழிகளையும் டார்சி வென்று ஆட்டத்தை முடித்தார்.

ஐரோப்பா 15-13 என்று ஜெயித்தது. அமெரிக்க மண்ணில் அமெரிக்கா தோற்றது அதுவே முதல் தடவை. பழியைக் கிரென்ஷாவின் தலையில் போடுவது நியாயமல்ல. அவர் வென்றிருந்தாலும் 14-14 தான். 1985-ல் வென்ற ஐரோப்பாவிடமே கோப்பை தங்கியிருக்கும்.

2021-ல் அகஸ்டா மாஸ்டர்ஸ் பந்தயத்தில் தென் கொரியாவின் சி வூ கிம்மும் கோபத்தில் பட்டரைக் கெடுத்துக்கொண்டு, கடைசி நான்கு கிரீன்களிலும் மூன்றாம் எண் 'உட்' மட்டையால் உருட்டினார். அவருக்கு அதிர்ஷ்டம், அடி நஷ்டமில்லை.

கோபமில்லாமலும் வெட்ஜ் தேவைப்படும் இடம் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் ரிவியேரா மைதானத்தின் ஆறாவது கிரீன் நடுவிலேயே ஒரு மணற்குழி! பந்து ஒரு பக்கம், கொடி மறுபக்கம் என்றால் தாண்டி அடிப்பதைத் தவிர என்ன செய்வது? விதி அனுமதிக்கிறது. ஆனால் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டிய புல்லில் சதை பெயர்ந்தால், மைதானக்காரருக்கு நெஞ்சே பெயர்ந்தாற்போலிருக்கும். பிறர் பந்து போகும் பாதையை மிதிக்காமல் சுற்றி நடப்பவர்கள் நிறைந்த விளையாட்டல்லவா இது! வழக்கமான கிரீனில் விளையாட்டுக்காக வெட்ஜை எடுப்பவரைச் சக ஆட்டக்காரர்கள் முறைத்துப் பார்ப்பதில் எமக்கு வியப்பில்லை. அடித்துவிட்டவர், பெயர்ந்த புல்லை அமுக்கிச் சரிசெய்த பிறகுதான் அடுத்த குழிக்கு நகர வேண்டும்.