பழைய சைக்கிள்கள் காப்பாற்றிய மண் சாலைகள்!

இத்தாலியின் டஸ்கனி பகுதியில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது காயோலே இன் கியாந்தி என்ற சின்ன ஊர். அக்டோபர் மாத ஞாயிறு ஒன்றில், விடியும் முன்பே அதன் தெருக்கள் நிரம்பிவிடும். கம்பளி ஜெர்சி, தோல் ஷூ, பளபளக்கும் ஸ்டீல் சைக்கிள் என எல்லோரும் பழைய புகைப்படத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் போலவே இருப்பார்கள்.

இந்தச் சைக்கிள் சவாரியின் பெயர் 'லெரோய்கா'. 'வீரமானது' என்று பொருள்.

வெள்ளை மண் சாலைகள்தான் இந்தப் பகுதியின் அழகு. ஆனால், அவற்றுக்கு ஒவ்வொன்றாகத் தார் போட்டு வந்தார்கள். இப்படியே போனால் ஒன்றும் மிஞ்சாது என்று கவலைப்பட்ட ஜியான்கார்லோ ப்ரோச்சி, அந்தக் கால வீரர்களைப் போலப் பழைய சைக்கிளில் இந்தச் சாலைகளைச் சுற்றி வரலாம் என்று 1997-ல் அழைப்பு விடுத்தார். வந்தவர்கள் 92 பேர். இன்று ஆயிரக்கணக்கில் வருகிறார்கள்.

எது பழைய சைக்கிள்?

1987 வரை தயாரான ரேஸ் சைக்கிள்தான் இங்கே 'பழசு'. அதை அடையாளம் காண மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

* கியர்: லிவர், ஹேண்டில்பாரில் இருக்காது, பெடலை நோக்கிச் சாய்வாக இறங்கும் ஃபிரேம் குழாயில் இருக்கும்.
* பிரேக்: கேபிள், ஹேண்டில்பாரில் சுற்றிய டேப்புக்குள் மறையாமல் வெளியே வில்லாக வளைந்து செல்லும்.
* பெடல்: பாதத்தைப் பிடித்துக்கொள்ள கிளிப்பும் வாரும் இருக்கும்.

வயதைச் சொல்லும் முத்திரைகளும் உண்டு. கம்பன்யோலோ நிறுவனத்தின் 'நுவோவோ ரெக்கார்ட்' பின்பக்க கியரில் 'பேட்டன்ட் 74' என்று இருந்தால், அந்தப் பாகம் 1974-ஐச் சேர்ந்தது. ஆனால், பாகங்களை மாற்றியிருக்கலாம் என்பதால் ஃபிரேமையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஓட்டுவது சுலபமல்ல!

கியர் மாற்ற ஒரு கையை எடுக்க வேண்டும். கீழே சரளைக்கல், எதிரே செங்குத்தான மேடு! நிற்பதற்கு முன் பெடல் வாரைத் தளர்த்த மறந்தால், சைக்கிளோடு சாய வேண்டியதுதான். இறக்கத்தில் பிரேக்கை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். மிக நீளமான பாதை 200 கிலோமீட்டருக்கும் மேல். மேட்டில் இறங்கித் தள்ளுவதை இங்கே யாரும் அவமானமாக நினைப்பதில்லை. வழியில் ரொட்டியும் காய்கறியும் சேர்த்துச் செய்யும் 'ரிபோலிட்டா' சூப் சூடாகக் காத்திருக்கும்.

2007 முதல் இதே மண் சாலைகளில் தொழில்முறை வீரர்களுக்கான போட்டியும் நடக்கிறது. அதன் பெயர் 'ஸ்ட்ராடே பியாங்கே'. தமிழில் சொன்னால், 'வெள்ளைச் சாலைகள்'!