ஒரே ஒரு கீறல்

ஆய்வுக்கூடங்களுக்குக் கண்ணாடிச் சாமான் செய்யும் பட்டறையில் குழாய்கள் ஒன்றரை மீட்டர் நீளத்தில் வந்து இறங்கும். அதில் சுண்டுவிரல் பருமனுள்ள ஒன்றிலிருந்து ஒரு சாண் துண்டு வேண்டும் என்றால் யாரும் ரம்பத்தைத் தேடுவதில்லை. டங்ஸ்டன் கார்பைடு கத்தியை எடுத்து, குறித்த இடத்தில் ஒரே ஒரு இழுப்பு. குழாயின் சுற்றளவில் கால்பங்குகூட வராத மெல்லிய கோடு. விரல் நுனியை நாக்கில் தொட்டு அந்தக் கோட்டின்மேல் ஈரம் தடவுவார்கள். கோடு எதிர்ப்பக்கம் இருக்கும்படி குழாயைப் பிடித்து, அதற்கு நேர் பின்னால் இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து வைத்து, கைகளை இரு பக்கமும் விலக்கி இழுத்தபடியே லேசாக வளைப்பார்கள். 'டிக்' என்று ஒரு சத்தம். குழாய் இரண்டாகிவிடும். உடைந்த முகம் மெருகேற்றியதுபோல் மின்னும்.

கத்தி கண்ணாடிக்குள் இறங்கியது மயிரிழை ஆழம்தான். மீதி முழுவதையும் விரிசல் செய்து முடித்தது. கண்ணாடிக்காரரின் திறமை அந்த விரிசல் எங்கே பிறக்க வேண்டும், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பதில் இருக்கிறது.

ஊசி போட்டுக்கொள்ளப் போன எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறோம். மருந்துப் பெட்டியோடு வரும் குட்டி அரத்தால் கம்பவுண்டர் ஆம்பூலின் கழுத்தில் ஒரு தடவை கீறி, படக்கென்று தலையை ஒடிப்பார். இப்போது வரும் பல ஆம்பூல்களில் அந்த அரத்துக்கும் வேலையில்லை. கழுத்தில் தொழிற்சாலையிலேயே போட்ட சிறு கீறல் ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே ஒரு வண்ணப் புள்ளி. புள்ளியின்மேல் கட்டைவிரலை வைத்துப் பின்பக்கமாகத் தள்ள வேண்டும். அப்போதுதான் கீறலின் வாய் திறக்கும். மாற்றிப் பிடித்துத் தள்ளினால் வாய் மூடிக்கொள்ளும். கழுத்து கண்ட இடத்தில் நொறுங்கிக் கையைக் கிழிக்கும்.

ஒரு கீறலுக்கு ஏன் இவ்வளவு செல்வாக்கு? இரும்புக் கம்பியில் இதே கீறலைப் போட்டு வளைத்தால் கம்பி வளையும், அவ்வளவுதான். உலோகத்தில் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர முடியும். கீறலின் முனையில் விசை குவிந்தால் அந்த இடம் சற்றே இளகி, முனை மழுங்கிவிடும். கண்ணாடியில் வழுக்குவதற்கு அடுக்கே கிடையாது. சிலிக்கான் அணுவும் ஆக்சிஜன் அணுவும் ஒழுங்கில்லாத வலையாகப் பின்னிக் கிடக்கின்றன. முனை கூராகவே நிற்கும், விசை முழுவதும் அங்கேயே குவியும். ஒரு தகட்டில் உள்ள துளையோ கீறலோ எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு அதன் முனையில் விசை பெருகும் என்று 1913இல் பொறியாளர் இங்லிஸ் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு கண்ணாடியிடம் போனவர் ஏ.ஏ. கிரிஃபித். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில், அரசு விமான ஆய்வு நிறுவனத்தில் இருந்த பொறியாளர். உலோகம் ஏன் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் உடைகிறது என்பதுதான் அவருடைய கவலை. ஆனால் சோதனைக்கு அவர் எடுத்தது கண்ணாடிக் குழாய்களையும் கண்ணாடிக் குடுவைகளையும். வேண்டுமென்றே அவற்றில் விரிசல் உண்டாக்கி, உள்ளே அழுத்தம் கொடுத்து, எப்போது வெடிக்கிறது என்று அளந்தார். 1920இல் அவர் முன்வைத்த விடை எளிமையானது. விரிசல் நீளும்போது புதிய மேற்பரப்பு உண்டாகிறது, அதற்கு ஆற்றல் செலவாகும். வளைந்தும் இழுபட்டும் இருக்கும் கண்ணாடி தளர்வதால் கிடைக்கும் ஆற்றல் அந்தச் செலவைவிட மிஞ்சினால் விரிசல் ஓடும். மிஞ்சாவிட்டால் நிற்கும். கீறல் நாலு மடங்கு ஆழமானால், உடைக்கத் தேவையான இழுப்பு பாதியாகக் குறையும்.

அதே ஆய்வில் இன்னொரு வேடிக்கையும் வெளிப்பட்டது. கண்ணாடியை உருக்கி மெல்லிய இழைகளாக இழுத்துப் பார்த்தார் கிரிஃபித். ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள இழையைவிட 3 மைக்ரான் இழை, பரப்புக்குப் பரப்பு ஒப்பிட்டால், ஏறக்குறைய 20 மடங்கு வலிமையாக இருந்தது. பொருள் ஒன்றுதான். மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமில்லை. நம் வீட்டு ஜன்னல் கண்ணாடியும் டம்ளரும் இவ்வளவு பலவீனமாக இருப்பதற்குக் கண்ணாடியைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் அவற்றின் உடம்பெல்லாம் இருக்கின்றன. பட்டறையில் செய்வது, அத்தனை கீறல்களையும் மிஞ்சும்படி ஒரு கீறலை நமக்கு வேண்டிய இடத்தில் போடுவது.

அந்தக் கீறலைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். மேலே தெரியும் கோட்டைவிட, அதற்கு அடியில் செங்குத்தாக இறங்கும், கண்ணுக்குத் தெரியாத விரிசல்தான் முக்கியம். சரியான அழுத்தத்தில் ஒரே இழுப்பாகப் போட்டால் அது நேராக இறங்குகிறது. அழுத்தம் அதிகமானால் பக்கவாட்டிலும் விரிசல்கள் கிளம்பி மேலே வந்து செதிள்களாகப் பெயர்கின்றன. கோடு மாவு பூசியதுபோல் வெளுத்துத் தெரிந்தால் வேலை கெட்டுவிட்டது என்று பொருள். ஜன்னல் கண்ணாடி வெட்டும் தேர்ந்த கடைக்காரர் போடும் கோடு பல சமயம் கண்ணுக்கே தெரியாது, சீரான ஒரு 'ஸ்ஸ்' சத்தம் மட்டும் கேட்கும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் முக்கோண அரத்தால் குழாயை முன்னும் பின்னும் ராவிக்கொண்டிருப்பது இதற்கு நேர் எதிரான வேலை. பக்கத்துப் பக்கத்தில் பல விரிசல்கள் பிறந்து, எது ஓடுவது என்பதில் போட்டி நடக்கும். முனை பல்லிளித்து நிற்கும்.

எச்சில் தடவுவது வெறும் பழக்கம் என்று நினைக்கத் தோன்றும். அதில்தான் ரசாயனம் இருக்கிறது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய அமைப்பில் இருந்த வீடர்ஹார்ன் 1967இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண சோடா கண்ணாடியில் விரிசல் நகரும் வேகம் காற்றின் ஈரப்பதத்தோடு ஏறுவதை அளந்து காட்டினார். காய்ந்த நைட்ரஜன் வாயுவில் தயங்கி நிற்கும் விரிசல், அதே இழுப்பில் ஈரக் காற்றில் நகர்ந்துவிடுகிறது. காரணத்தை அணு அளவில் விளக்கியவர்கள் மிக்கால்ஸ்கி, ஃப்ரைமன் என்ற ஆய்வாளர்கள், 1982இல். விரிசலின் முனையில் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு ஏற்கெனவே இழுபட்டுத் திணறிக்கொண்டிருக்கிறது. ஒரு நீர் மூலக்கூறு உள்ளே நுழைந்து, தன் ஆக்சிஜனை ஒரு பக்கச் சிலிக்கானிடமும், ஒரு ஹைட்ரஜனை மறுபக்க ஆக்சிஜனிடமும் கொடுக்கிறது. பிணைப்பு அறுந்து இரு பக்கமும் ஹைட்ராக்சில் முனைகளாக நிற்கின்றன. விரிசல் ஓர் அணு தூரம் முன்னேறுகிறது. அடுத்த மூலக்கூறு அடுத்த பிணைப்பைப் பார்த்துக்கொள்கிறது.

கைகள் செய்யும் வேலையிலும் நுணுக்கம் உண்டு. வளைத்தால் மட்டும் போதாது, இழுக்கவும் வேண்டும் என்பார்கள். வளைக்கும்போது கீறல் உள்ள பக்கம் நீள்கிறது, கட்டைவிரல் உள்ள பக்கம் அமுங்குகிறது. இழுபடும் இடத்தில் ஓடிவரும் விரிசல், அமுங்கிய பகுதியை நெருங்கியதும் நேராகப் போக முடியாமல் திரும்பிக்கொள்ளும். துண்டின் ஓரத்தில் கொக்கிபோல் ஒரு உதடு மிஞ்சும். உடைந்த கண்ணாடியை ஆராய்கிறவர்கள் இந்த உதட்டைப் பார்த்தே, இது வளைந்து உடைந்தது என்று சொல்லிவிடுவார்கள். கைகளை விலக்கி இழுத்துக்கொண்டே வளைத்தால் குழாயின் சுற்றளவு முழுதும் இழுபட்ட நிலையில் இருக்கும். விரிசல் திசை மாறாமல் சுற்றி வந்துவிடும்.

உடையவில்லை என்றால் இன்னும் பலம் கொடுப்பது பலருடைய இயல்பு. கையில் தையல் போட வேண்டி வருவது அப்போதுதான். ஆழம் போதாத கீறலை உடைக்க அதிக விசை தேவை, அதனால் கண்ணாடிக்குள் ஆற்றல் நிறையச் சேர்கிறது. அது ஒரேயடியாக அவிழும்போது விரிசல் வேகம் பிடிக்கிறது. சோடா கண்ணாடியில் அந்த வேகம் விநாடிக்கு 1500 மீட்டர் வரை போகும். அதற்குமேல் வேகமெடுக்க முடியாமல் விரிசல் கிளை பிரியும். உடைந்த முகத்தில் முதலில் கண்ணாடிப் பளபளப்பு, பிறகு மூட்டம் போட்ட ஒரு பட்டை, பிறகு கரடுமுரடான வரிகள் என்று அந்த ஓட்டம் முழுவதும் பதிவாகியிருக்கும். துணியைச் சுற்றிப் பிடித்து, சுலபமாக உடையாததைக் கீழே வைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

கட்டைவிரல் வித்தை சின்னக் குழாய்களோடு சரி. முழங்கை பருமன் குழாயை யாராலும் அப்படி ஒடிக்க முடியாது. அங்கே நெருப்பு வருகிறது. மைக்கேல் ஃபாரடே 1827இல் எழுதிய வேதியியல் செய்முறைக் கையேட்டில் கண்ணாடியை வளைக்கவும் ஊதவும் வெட்டவும் ஒரு பகுதியே ஒதுக்கியிருக்கிறார். அடிப்படை அன்றும் இன்றும் ஒன்றுதான். முதலில் ஒரு சின்னக் கீறல். ஒரு கண்ணாடிக் குச்சியின் நுனியைச் சுடரில் காட்டி, உருகிச் சிவந்த நிலையில் கீறலின் முனையில் தொட்டால், அந்த இடம் விரிய முயன்று சுற்றியுள்ள குளிர்ந்த கண்ணாடியை இழுக்கிறது. விரிசல் அந்த இழுபட்ட பகுதி வரை ஓடி, சூடான இடத்தின் ஓரத்தில் நின்றுகொள்கிறது. குச்சியைச் சற்றுத் தள்ளித் தொட்டால் மறுபடி கொஞ்ச தூரம். தழையைக் காட்டி ஆட்டை நடத்திப் போவதுபோல் விரிசலைக் குழாயைச் சுற்றி அழைத்துவந்து, தொடங்கிய இடத்திலேயே சேர்த்துவிடலாம். இன்னொரு வழி, கீறலின்மேல் நிக்ரோம் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி மின்சாரத்தால் சிவக்கவைத்து, பிறகு கீறலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவது. சூடேறிய மேற்பரப்பு சட்டென்று சுருங்குகிறது, கீறலின் வாய் பிளக்கிறது. மண்ணெண்ணெயில் நனைத்த நூலைச் சுற்றிக் கொளுத்திப் பாட்டிலை வெட்டும் வீடியோக்களின் அறிவியலும் இதுவே. அவற்றில் பல கோணல்மாணலாக முடிவதற்குக் காரணம், கீறல் போடாமல் விரிசலின் விருப்பத்துக்கு விட்டுவிடுவது.

இதில் ஒரு முரண் உண்டு. சூட்டுக்கு அஞ்சாது என்பதற்காகத்தான் ஆய்வுக்கூடங்கள் போரோசிலிகேட் கண்ணாடியை வாங்குகின்றன. சோடா கண்ணாடி ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டில் சுமார் 9 மைக்ரான் நீளும். போரோசிலிகேட் 3.3 மைக்ரான்தான். அதே சூட்டு வித்தியாசத்தில் கிடைக்கும் இழுப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. வாங்குகிறவருக்கு நல்லது, வெட்டுகிறவருக்குத் தலைவலி. குவார்ட்ஸ் குழாயில் நீட்சி 0.5 மைக்ரான் அளவுக்குச் சுருங்கிவிடும். சூட்டைக் காட்டி அதை மசியவைக்கப் பார்ப்பது வீண். அதற்கும், தடித்த சுவருள்ள குழாய்களுக்கும் தண்ணீர் ஓடும் வைர ரம்பம். அதுவும் கண்ணாடியை அறுப்பதில்லை. லட்சக்கணக்கான நுண்ணிய விரிசல்களால் செதில் செதிலாகக் கொறித்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அதன் வெட்டுமுகம் பளபளக்காமல் மங்கிக் கிடக்கும்.

எப்படி வெட்டினாலும் ஓரம் சதையைக் கிழிக்கும். முனையைச் சுடரில் சுழற்றிக் காட்டினால் விளிம்பு இளகி, பரப்பு இழுவிசையால் தானே உருண்டுகொள்ளும்.

நம் ஊர்க் கடைகளில் விற்கும் கண்ணாடி வளையலுக்குப் பின்னாலும் இந்தக் கீறல் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத்தில் உருகிய கண்ணாடியைச் சுழலும் உருளையில் நீண்ட சுருளாகச் சுற்றுகிறார்கள். ஆறிய சுருளைக் கழற்றி, கூர்முனைக் கருவியால் நீளவாக்கில் ஒரு கோடு. சுருள் தனித்தனி வளையங்களாக உதிர்கிறது. ஒவ்வொன்றின் வாயும் சற்றே ஏறுக்குமாறாகத் திறந்திருக்கும். அதைச் சுடரில் சமப்படுத்தி ஒட்டும் வேலை பெரும்பாலும் வீடுகளில் நடக்கிறது.

கட்டைவிரல் முறையின் இன்றைய வாரிசைத் தெருவிலேயே பார்க்கலாம். இணைய கேபிள் அறுந்தால் சின்னப் பெட்டியோடு வந்து கம்பத்தடியில் உட்காருகிறாரே, அவரிடம் இருக்கிறது. ஒளியிழையின் பருமன் 125 மைக்ரான், தலைமயிரை ஒத்தது. மேலுறையை உரித்து, ஆல்கஹாலில் துடைத்து, வெட்டுக் கருவியில் வைக்கிறார். உள்ளே இருக்கும் கடினமான தகடு இழையில் ஒரு நுண்ணிய கீறல் போடுகிறது, கருவி இழையை இழுத்து வளைக்கிறது, இழை முறிகிறது. ஒளி ஒரு இழையிலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் போக வேண்டுமானால், முறிந்த முகம் பளபளப்பாகவும் இழைக்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். அரைடிகிரி, ஒரு டிகிரிக்குமேல் சாய்ந்திருந்தால் ஒட்டும் கருவி திரையிலேயே எச்சரிக்கும். அவர் உடைந்த துணுக்கை மறக்காமல் டப்பாவில் போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் உரித்து, மறுபடி கீறுவார்.