நாற்பது நாள் வீட்டில் ஒரு ராத்தா வேண்டும்

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகும்போது நாம் குழந்தையின் கையில் காசு வைக்கிறோம், துஆச் செய்கிறோம். கூடவே ஒரு கேள்வியையும் கேட்டுவிட்டு வருகிறோம்: “பால் காணுமா மகள்?” அன்போடு கேட்பதுதான். ஆனால் தலைப்பிள்ளையைப் பெற்று, தையல் வலியோடும் தூக்கமில்லாமலும் இருக்கும் பெண்ணுக்கு அது சந்தேகமாக மாறிவிடுகிறது. அன்றிரவு குழந்தை கொஞ்சம் கூடுதலாக அழுதால், மறுநாள் பால்மா டின் வீட்டுக்கு வந்துவிடும்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாடசாலையொன்றில் கற்பிக்கிறேன். பிரசவ விடுமுறை முடிந்து வரும் இளம் ஆசிரியைகளும் திருமணமாகிப் போன பழைய மாணவிகளும் என்னிடம் அதிகம் சொல்வது, “பால் காணல்ல டீச்சர்” என்பதுதான்.

உண்மையில் காணவில்லையா? முதல் இரண்டு மூன்று நாட்களில் சுரப்பது கொஞ்சமான, மஞ்சள் நிறக் கடும்புப்பால். பிறந்த குழந்தையின் சிறிய வயிற்றுக்கு அது போதும். நோயெதிர்ப்புச் சக்தியும் அதில் நிறைந்திருக்கிறது. அதன் பிறகு, குழந்தை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவுக்குப் பால் சுரக்கும். இடையில் போத்தல் கொடுத்தால் குழந்தை மார்பில் குடிப்பது குறையும். அதனால் சுரப்பும் குறையும். பால் காணாது என்று வாங்கிய டின்னே பாலைக் குறைத்துவிடுகிறது.

அழுகையை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்கக் கூடாது. முதல் வாரத்துக்குப் பிறகு குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்கிறதா, கிளினிக் அட்டையில் நிறைக்கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பால் காணும். குழந்தை குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, தாய்க்கு மார்பு வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இவ்விடயத்தில் இலங்கை பின்தங்கிய நாடல்ல. 2016 ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானோருக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்பட்டது. இதில் வீடு தேடி வரும் குடும்பநல மாதர்களின் பங்கு பெரியது. ஆனால் ஒரு பிரதேசம் முழுவதையும் பார்க்கும் அவர், இரவு இரண்டு மணிக்குப் பக்கத்தில் இருக்க முடியாது. அந்த இடத்தை நிரப்பக் கூடியவர், அண்மையில் பால் கொடுத்துப் பழகிய இன்னொரு தாய்.

பங்களாதேஷின் டாக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பால் கொடுத்த அனுபவமுள்ள உள்ளூர்ப் பெண்களுக்குப் பத்து நாள் பயிற்சி கொடுத்து, கர்ப்பிணிகளையும் புதுத் தாய்மாரையும் வீடு வீடாகச் சந்திக்க வைத்தனர். 2000 ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வெளியானது. ஐந்தாவது மாதத்தில் தாய்ப்பால் மட்டும் கொடுத்தோர், உதவி பெற்றவர்களில் 70 வீதம். பெறாதவர்களில் 6 வீதம். அந்தப் பெண்கள் மருத்துவர்களோ தாதியரோ அல்லர், நம் வீட்டு ராத்தாமாரைப் போன்றவர்கள்.

பால்குடியின் முழுக்காலம் இரண்டு ஆண்டுகள் என்று கூறும் சூரா பகராவின் 233 ஆவது வசனம், தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தையைப் பொறுப்பாக்குகிறது. பால் மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்தாலோசித்தே முடிவு செய்யச் சொல்கிறது. ஆகவே பால் கொடுப்பது தாயின் தனிச்சுமையல்ல. குடும்பமும் சமூகமும் அவளைத் தாங்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. மஹல்லாவுக்கு ஐந்தாறு தாய்மார் போதும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பேசி அவர்களுக்குப் பயிற்சி பெறலாம். பெண்கள் மார்க்க வகுப்பு நடக்கும் இடத்திலேயே மாதம் ஒருமுறை கூடலாம். பிள்ளையை மார்பில் எப்படி அணைப்பது, வேலைக்குப் போகும் தாய் பாலை எப்படிக் கறந்து வைப்பது என்று காட்டிக் கொடுக்கலாம். மற்றவர் பிள்ளைக்குப் பால் கொடுப்பதல்ல இந்த உதவி. பால்குடி உறவின் சட்டம் நமக்குத் தெரியும். பக்கத்தில் இருந்து தைரியம் சொல்வதுதான் இதன் வேலை.

மருத்துவக் காரணத்தால் பால் கொடுக்க முடியாத தாய்மாரும் நம்மிடையே உண்டு. அவர்களைக் குற்றவாளியாக்குவது ஆதரவாகாது.

அடுத்த முறை பிள்ளை பார்க்கப் போகும்போது, “பால் காணுமா?” என்பதை விட்டுவிட்டு, “நீ சாப்பிட்டியா மகள்? கொஞ்சம் தூங்கு, பிள்ளைய நான் பார்க்கிறேன்” என்று சொல்லிப் பார்ப்போம்.