பழைய நாணயத்துக்கு லட்ச ரூபாயா? முதல்ல இந்தச் சின்னக் குறியைப் பாருங்க!

"இந்த நாணயம் உங்ககிட்ட இருக்கா? நீங்கதான் லட்சாதிபதி!" இப்படி ஒரு ஃபார்வர்ட் வராத ஃபேமிலி குரூப் இருக்கா என்ன? நம்புறதுக்கு முன்னாடி, பர்ஸில் இருக்கும் ஒரு ரூபாயை எடுத்து, ஆண்டுக்குக் கீழே பாருங்க.

டைமண்ட் இருந்தால் மும்பை. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். புள்ளி என்றால் நொய்டா. எதுவுமே இல்லையா? கொல்கத்தா. நாணயம் எந்த ஆலையில் அச்சானது என்று காட்டும் இந்தக் குறிக்குத்தான் 'மின்ட் மார்க்' என்று பெயர்.

இதற்கு எப்படி விலை வருது? அமெரிக்காவில் 1909-ல் லிங்கன் உருவத்தோடு ஒரு சென்ட் வந்தது. வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் இனிஷியலோடு பிலடெல்பியாவில் சுமார் 2.8 கோடி அச்சடித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் வெறும் 4,84,000. அதில் மட்டும் ஆண்டுக்குக் கீழே 'எஸ்' இருக்கும். அந்த ஒரு எழுத்துக்காகவே சேகரிப்பாளர்கள் பல மடங்கு அதிகம் கொடுக்கிறார்கள். சாதா நாணயத்தில் 'எஸ்' ஒட்டி ஏமாற்றும் ஆட்களும் உண்டு!

ஆக, குறி இருப்பது பெரிய விஷயமில்லை. அந்தக் குறியோடு எத்தனை அச்சானது, எவ்வளவு தேயாமல் இருக்கு என்பதுதான் கணக்கு. நம்ம கையில் புழங்குபவை பெரும்பாலும் கோடிக்கணக்கில் அச்சானவை. "குறியே இல்லாத எரர் காயின்" என்று யாராவது விற்றால், அது சாதாரண கொல்கத்தா நாணயமாக இருக்கலாம்.

இன்னொன்று. பழைய நாணயத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயர், லோகோவைக் காட்டி கமிஷன், வரி கேட்கும் மோசடி நடப்பதாக 2021 ஆகஸ்ட்டில் அந்த வங்கியே எச்சரித்தது. விற்கிற நீங்க எதுக்கு முன்பணம் கட்டணும்?