நோயச்சமும் நிறைகோலும்



கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு கிலோ குறைந்தாலும் தராசு முள்ளைக் கூர்ந்து நோக்குகிறோம். நோயின் ஆபத்தை அவ்வாறு நிறுத்துப் பார்க்கிறோமா?

2020 டிசம்பரில் கேகாலையை அடுத்த ஹெட்டிமுல்லையில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கொரோனாவைத் தடுக்குமெனக் கூறப்பட்ட, தேனும் சாதிக்காயும் கலந்த பாணியொன்றைப் பெறுவதற்கு ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் நெருங்கி நின்றனர். பாணியின் பயன் அன்று மெய்ப்பிக்கப்பட்டிருக்கவில்லை. நெரிசலின் ஆபத்தோ ஐயத்துக்கு இடமற்றது. அதனைப் பலரறியப் பருகிய அன்றைய சுகாதார அமைச்சரும் 2021 ஜனவரியில் தொற்றுக்கு ஆளானார். கூடியவர்களை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. இந்நாட்டில் தடுப்பூசி ஏற்றத் தொடங்கியதே அந்த ஜனவரி இறுதியிலேதான். கையில் வேறொன்றும் இல்லாதவர் கிடைத்ததைப் பற்றிக்கொண்டனர்.

இக்கிருமி பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியே பரவுவது. எத்தனை பேர், எவ்வளவு நேரம், எத்தகைய காற்றில் கூடியிருக்கின்றனர் என்பதே கணக்கு. மலைச்சரிவில் நிரை பிடித்துக் கொழுந்தெடுப்பவருக்கும், தன்னந்தனியே ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவருக்கும் ஆபத்து சொற்பம். அவரே இரவில் பத்துக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில், கதவை அடைத்துக்கொண்டு ஐந்தாறு பேருடன் உறங்கும்போது அது பன்மடங்காகிறது. நம்மவருள் சிலர் இதனைத் தலைகீழாகக் கொண்டனர்: மலையில் முகக்கவசம், வீட்டில் அடைத்த கதவு!

பாடசாலைகள் மூடப்பட்டிருந்த நாட்களில், கைத்தொலைபேசியில் பாடம் பெறுவதற்காகக் குன்றேறிய பிள்ளைகளைக் கடிந்தோரும் உண்டு. திறந்த வெளியில் ஆபத்து சிறிது. பாடத்தை இழப்பதோ பெருநட்டம். கடிந்தவர் பக்கம் நான் நிற்கமாட்டேன்.

இனி, ஆபத்து யாருக்கு என்பதும் நிறுக்கப்பட வேண்டும். இளைஞனுக்கு நான்கு நாட் காய்ச்சலாய்க் கழிவது, நீரிழிவுள்ள எழுபது வயதுப் பாட்டிக்கு உயிராபத்தாகலாம். இருவரும் உறங்குவதோ ஒரே காம்பராவில். ஆதலால் இளைஞன் தன் கணக்கில் பாட்டியையும் சேர்த்தாக வேண்டும்.

“தனித்திருங்கள்” என்னும் அறிவுரை தனியறை உள்ளவருக்கு எளிது. ஒரு நாள் வேலையிழந்தால் அன்றைய சம்பளத்தையும் இழப்பவருக்கு அது எளிதன்று. எனவே செலவில்லாதவற்றை முதலிற் செய்யலாம். காய்ச்சல் கண்டவர் இஸ்தோப்பில் படுப்பதும், பாட்டியின் அருகே செல்பவர் முகக்கவசம் அணிவதும் அத்தகையன.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் கொரோனா அவசரநிலையை முடித்துக்கொண்டது. சளிக்காய்ச்சல் இன்றும் மழைக்காலத்தில் லயத்துக்கு வருகிறது. அப்போதும் முதலில் யன்னலைத் திறவுங்கள். யன்னலே இல்லாத காம்பராவாயின், அதனை அமைத்துத் தருமாறு தோட்ட நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள்.