முன்னோர் எப்படி இறந்தார்கள்? கம்ப்யூட்டரில் தேடும் வழி

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இன்டர்நெட் கனெக்ஷனும் வந்துவிட்டது. பாட்டு கேட்டு, ரயில் டிக்கெட் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு மெயிலும் அனுப்பிப் பார்த்துவிட்டீர்கள். அடுத்து என்ன என்று கேட்கும் வாசகர்களுக்கு இந்த முறை ஒரு வித்தியாசமான வேலை. உங்கள் குடும்பத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்கள் எப்படி இறந்தார்கள் என்று தேடிப் பார்ப்பது.

இது எதற்கு என்கிறீர்களா? எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கம் எங்கள் ஊர். இன்று சிப்காட் தொழிற்பூங்கா என்றால்தான் பலருக்குத் தெரியும். அன்று ஏரியும் நெல்லும்தான். என் கொள்ளுப் பாட்டி ஓர் ஆவணி மாதம் மருமகளாக இந்த ஊருக்கு வந்தார். அடுத்த ஐப்பசியில், எட்டு நாளைக்குள், அவருடைய மூத்தார்கள் இருவரும் ஓரகத்தி ஒருவரும் இறந்துபோனார்கள். மூவருமே இளவயதுக்காரர்கள். "அவ காலடி வச்ச வேளை" என்ற பேச்சு அன்று தொடங்கியது. கொள்ளுப் பாட்டி எண்பது வயது வரை இருந்தார். கடைசிவரை எந்த நல்ல காரியத்திலும் அவரை முன்னால் நிற்க விடவில்லை என்று என் பெரியம்மா சொல்வார். உண்மையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.

பெயரைத் தட்டினால் வருமா?

வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஒரு கிராமத்து விவசாயியின் பேரன் இதே வேலையைச் செய்தால் அவனுக்குப் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே 1837 ஜூலை 1 முதல் அரசே இறப்புகளைப் பதிவு செய்கிறது. இறப்புச் சான்றிதழிலேயே 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. 1874-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு, வைத்தியம் பார்த்த டாக்டரின் சான்றையும் கேட்டார்கள். அட்டவணையை இன்டர்நெட்டில் தேடி, பணம் கட்டி, சான்றிதழை வரவழைத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய காலத்துக்குச் சர்ச்சின் அடக்கப் பதிவேடுகள் இருக்கின்றன.

நம் பக்கம் 1899-ல் மதராஸ் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. கிராமத்தில் பதிவு எழுதியவர் முன்சீப், அதாவது மணியக்காரர். டாக்டர் அல்லர். அவருக்குக் கொடுத்திருந்த தலைப்புகள் சிலதான்: காலரா, அம்மை, சுரம், வயிற்றுப்போக்கு, மூச்சு நோய்கள், விபத்துக் காயம், மற்றவை. பிற்பாடு பிளேக். வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு ஏதாவது ஒன்றில் போட்டுவிடுவார். காலராவும் அம்மையும் கண்ணுக்குத் தெரிந்துவிடும், அவற்றை ஓரளவு நம்பலாம். 'சுரம்' என்பதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மலேரியாவும் அதில்தான், டைபாய்டும் அதில்தான், பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலும் பெரும்பாலும் அதில்தான்.

இன்னொரு தடை இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. இந்தியாவில் 1969-ம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 17-வது பிரிவின்படி, பதிவேட்டில் தேடிப் பார்த்து நகல் தரும்படி யாரும் கேட்கலாம். ஆனால் அந்த நகலில் இறப்பின் காரணத்தைக் காட்டக்கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. ஆகவே அலைந்து திரிந்து சான்றிதழ் வாங்கினாலும் அது தேதியைச் சொல்லும். எப்படி இறந்தார் என்பதைச் சொல்லாது.

அதனால் நாம் சுற்றிக்கொண்டு போக வேண்டும். முதலில் தேதியைப் பிடிப்பது. பிறகு அந்த மாதம் அந்த வட்டாரத்தில் என்ன நோய் பரவியது என்று பார்ப்பது. இரண்டுக்குமே கம்ப்யூட்டர் உதவும்.

தேதியைப் பிடிப்பது எப்படி?

நம் வீடுகளில் இறந்த தேதி தெரியாது, திதி தெரியும். பெரியம்மாவிடம் கேட்டதும், "தீபாவளிக்கு முன்னால, ஐப்பசி தேய்பிறை" என்றார். எந்த வருஷம் என்றால் தெரியவில்லை. இங்கே கைகொடுத்தவை நிலப் பத்திரங்கள். சிப்காட்டுக்கு நிலம் எடுத்த நாட்களில் எங்கள் ஊரில் எல்லோர் வீட்டுப் பெட்டியிலிருந்தும் பத்திரங்கள் வெளியே வந்தன. எங்கள் பெட்டியில் ஒரு கடன் பத்திரத்தில் மூத்த அண்ணன் கையெழுத்து இருந்தது: காளயுக்தி வருஷம் ஆடி மாதம். ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அதே பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது: சித்தார்த்தி வருஷம் வைகாசி. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஓர் ஐப்பசிதான் வருகிறது.

தமிழ் வருஷத்தை ஆங்கில ஆண்டாக்க, விண்டோஸில் உள்ள கால்குலேட்டரே போதும். ஆங்கில ஆண்டிலிருந்து 1866-ஐக் கழியுங்கள். விடை 60-க்கு மேல் போனால் 60-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். கிடைப்பது பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது பெயர்களில் வரிசை எண். 1918-லிருந்து கழித்தால் 52, அது காளயுக்தி. 1876-லிருந்து கழித்தால் 10, அது தாது. 'தாது வருஷப் பஞ்சம்' என்று தாத்தாக்கள் சொன்னது அந்த 1876-78 பஞ்சத்தைத்தான். ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில்தான் பிறக்கிறது, எனவே ஜனவரி முதல் அதுவரையிலான நாட்கள் முந்தைய வருஷத்தைச் சேர்ந்தவை. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பி வரும் என்பதையும் மறக்க வேண்டாம். 1858-ம் காளயுக்திதான், 1978-ம் காளயுக்திதான். வீட்டு வயதுக் கணக்கை வைத்துத்தான் எது என்று முடிவு செய்ய வேண்டும்.

திதியைத் தேதியாக்க இலவசப் பஞ்சாங்க வெப்சைட்கள் உள்ளன. 'திரிக் பஞ்சாங்' என்று கூகுளில் ஆங்கிலத்தில் அடித்தால் கிடைக்கும் தளத்தில் பழைய ஆண்டுகளையும் கொடுத்துப் பார்க்கலாம். 1918 ஐப்பசித் தேய்பிறை, அக்டோபர் 20-க்கும் நவம்பர் 4-க்கும் நடுவில் வந்தது.

கிடைக்கும் தேதிகளை எக்ஸெலில் பட்டியல் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1900 ஜனவரி 1-க்கு முந்தைய தேதிகளை எக்ஸெல் தேதியாக ஏற்றுக்கொள்ளாது. நீங்கள் 1876-ம் ஆண்டுத் தேதி ஒன்றைத் தட்டினால் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டு, வரிசைப்படுத்தும்போது குழப்பும். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதுங்கள், அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரெ ஆபீஸைப் பயன்படுத்துங்கள்.

அறிக்கைகளைத் தேடுவது

மதராஸ் மாகாணத்தின் சானிட்டரி கமிஷனர் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டார். எத்தனை பேர் எந்த நோயில் இறந்தார்கள் என்று மாவட்ட வாரியாகக் கணக்கு இருக்கும். ஸ்காட்லாந்தின் தேசிய நூலகம், பிரிட்டிஷ் இந்தியாவின் மருத்துவ வரலாறு என்ற தலைப்பில் இப்படிப்பட்ட அறிக்கைகளை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறது. 'மெடிக்கல் ஹிஸ்டரி ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா' என்று ஆங்கிலத்தில் தேடவும். 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் 1921 மதராஸ் சென்சஸ் அறிக்கை, 1879-ல் குரோல் எழுதிய செங்கல்பட்டு மாவட்ட மேனுவல், தாது வருஷப் பஞ்சம் பற்றி டிக்பி எழுதிய இரண்டு பாகங்கள் எல்லாம் கிடைக்கும். பிடிஎஃப் பைலாக டவுன்லோட் செய்து, கண்ட்ரோல் கீயுடன் எஃப் கீயைத் தட்டினால் சொல் தேடலாம்.

தேடும் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 1997-ல்தான் காஞ்சிபுரம் தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் ஸ்ரீபெரும்புதூர் செங்கல்பட்டைச் சேர்ந்தது, அதை ஆங்கிலேயர் எழுதிய ஸ்பெல்லிங் வேறு: சி, எச், ஐ, என், ஜி, எல், இ, பி, யு, டி. ஸ்கேன் செய்த பக்கத்தைக் கம்ப்யூட்டர் தப்பும் தவறுமாகப் படித்திருக்கலாம். ஒன்றும் வரவில்லை என்றால் விட்டுவிடாமல் பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். எனக்கு வேண்டியது அப்படித்தான் கிடைத்தது.

1918-ன் கடைசி மாதங்கள் இன்ஃப்ளூயன்ஸா காலம். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் இறந்தார்கள். 1911-க்கும் 1921-க்கும் நடுவில் நாட்டின் மக்கள்தொகையே குறைந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சாவுகளில் பெரும்பாலானவை பதிவேட்டில் 'சுரம்' என்றே ஏறின. சாதாரணமாகக் காய்ச்சல் குழந்தைகளையும் முதியவர்களையும்தான் கொண்டுபோகும். இந்தக் காய்ச்சலோ இருபது முதல் நாற்பது வயதுக்காரர்களை அதிகமாக வாரியது. ஒரே வீட்டில், ஒரே வாரத்தில், மூன்று இளவயதுக்காரர்கள். மாதமும் சரியாக அதே மாதம்.

இன்ஃப்ளூயன்ஸாதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கிராமப் பதிவேட்டைத் தேடி ஓர் அலுவலகத்துக்குப் போனேன், அந்த ஆண்டின் கட்டு செல்லரித்துவிட்டது என்றார்கள். ஆனாலும் அச்செடுத்த பக்கங்களைப் பெரியம்மாவுக்குப் படித்துத் தமிழில் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத எங்க ஆயா இருக்கும்போது ஒருத்தனும் சொல்லலியே" என்றார்.

உங்கள் ஊர்ப் பதிவேட்டைத் தேட விரும்பினால் முதலில் கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள். பழையவை தாலுகா அலுவலகத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ இருக்கலாம். ஆண்டும் மாதமும் தெரியாமல் போனால் யாரும் கட்டைப் பிரிக்க மாட்டார்கள். மேலே சொன்ன கணக்கைப் போட்டுக்கொண்டு போங்கள்.

கடல் கடந்தவர்கள், ராணுவத்தில் சேர்ந்தவர்கள்

இவர்களுக்கு மட்டும் பெயரோடு பதிவு கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1860 நவம்பர் 16-ல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற ஒன்றரை லட்சம் பேரின் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, மாவட்டம், தாலுகா, கிராமம் எல்லாம் அதில் உண்டு. ஊர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். பிள்ளைப்பாக்கத்தைத் தேட, முழுப் பெயரைத் தட்டாமல் 'பாக்கம்' என்ற கடைசிப் பகுதியை மட்டும் இரண்டு மூன்று ஸ்பெல்லிங்கில் தேடுங்கள்.

இரண்டு உலகப் போர்களில் இறந்த சிப்பாய்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் வெப்சைட்டில் தேடலாம், இலவசம்தான். பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும். பூந்தமல்லி சாலையில் நந்தம்பாக்கத்தைத் தாண்டும்போது நீங்கள் பார்க்கும் போர்க் கல்லறைத் தோட்டம் இந்த ஆணையம் பராமரிப்பதுதான்.

ஓர் எச்சரிக்கை. இறப்புச் சான்றிதழ் உடனே தருகிறோம் என்று போலித் தளங்கள் நிறைய இருக்கின்றன. அரசுத் தளத்தின் முகவரி பொதுவாக 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். அதைப் பார்க்காமல் ஆதார் எண்ணையோ ஓடிபி-யையோ கொடுக்காதீர்கள். வம்சாவளித் தளங்களில் 'ஃப்ரீ ட்ரையல்' என்று கார்டு நம்பர் கேட்டால், நிறுத்த மறந்த மாதத்திலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும்.

இனி நம் காலத்து இறப்புகள். 2023-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, மருத்துவமனையில் ஒருவர் இறந்தால், காரணம் எழுதிய மருத்துவச் சான்றின் பிரதியை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். துக்க வீட்டில் அந்தத் தாள் எங்கோ போய்விடும். கேட்டு வாங்கி, 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, பெயரும் ஆண்டும் போட்டு ஒரு போல்டரில் வையுங்கள். ஒரு காப்பி பென் டிரைவிலும் இருக்கட்டும்.